செவலையும் முப்பத்தாறாம் பக்கமும்

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க குடுத்த முப்பது புத்தகத்துல ஒண்ணுல கூட பொருளடக்கம் இல்லீங்க."

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாவது தோசைக்கும் மூன்றாவது தோசைக்கும் நடுவில் வந்த போன் இது. பேசியவர் கலைவாணி டீச்சர். கடத்தூர் பக்கம் ஒரு சின்ன ஊரில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறவர்.

அந்த முப்பது புத்தகங்களைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இதே பத்தியில், இதே இடத்தில், அந்தப் பள்ளிக்கு நான் கொடுத்தவை என்று முன்பு ஒருமுறை பெருமையடித்திருக்கிறேன். கதைப் புத்தகங்கள் இல்லை, எல்லாம் தகவல் புத்தகங்கள். மழை எப்படி வருகிறது, உடம்பில் எத்தனை எலும்பு, தேனீ எப்படி வழி கண்டுபிடிக்கிறது, திமிங்கலம், எரிமலை, நாட்டுக்கோழி வளர்ப்பு... ஒல்லி ஒல்லியான அட்டையுடன் படம் போட்ட புத்தகங்கள். பார்த்தவுடனே எனக்குக் கவலை வந்துவிட்டது. பிள்ளைகள் கையில் ஒரு மாதம் தாங்குமா? தர்மபுரியில் எனக்குத் தெரிந்த பைண்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, "பத்து வருஷத்துக்கு அசையக் கூடாது" என்று சொல்லி, கெட்டி அட்டையும் காலிகோ துணியும் போட்டு பைண்ட் செய்ய வைத்தேன். ஒவ்வொரு அட்டையிலும் தங்க எழுத்தில் "அன்பளிப்பு" — அதற்குக் கீழே என் பெயர்.

பெயர் எதற்கு என்று கேட்காதீர்கள். வீட்டில் அன்றைக்கே கேட்டுவிட்டார்கள்.

புத்தகத்தைக் கொடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். மைக்கையும் கொடுத்தார்கள். நான் பேசினேன். "ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும். நடுவில் திறந்து பார்க்கிறவன் நுனிப்புல் மேய்கிறவன்." பிள்ளைகள் பலமாகக் கை தட்டினார்கள். தட்டச் சொல்லியிருந்தார்கள்.

இப்போது டீச்சர் போனில் பொருளடக்கம் இல்லை என்கிறார். எப்படி இல்லாமல் போகும்? நான் வாங்கும்போது இருந்ததே. "நாளைக்கு வர்றேன் டீச்சர்" என்றேன். மூன்றாவது தோசை ஆறிப்போயிருந்தது.

மறுநாள் புதன்கிழமை போனேன். பள்ளிக்கூட வாசலில் புங்க மரம், சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கொதிக்கும் வாசனை, வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து, ஒரே ராகத்தில் வணக்கம் சொன்னார்கள். என் முப்பது புத்தகங்களும் சுவரோரம் கட்டிய கயிற்றில் வரிசையாகத் தொங்கின. மன்னிக்கவும், தொங்கவில்லை. பைண்டிங் கனம் தாங்காமல் கயிறு ஏற்கெனவே ஒருமுறை அறுந்து, புத்தகங்களை மேசையில் அடுக்கியிருந்தார்கள்.

டீச்சர் ஒரு புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீங்களே பாருங்க சார்."

பார்த்தேன். அட்டையைத் திறந்தால் ரோஸ் நிறத்தில் ஒரு வெற்றுத்தாள், நன்றாக ஒட்டப்பட்டு. கடைசியிலும் அதே ரோஸ். இந்த மாதிரி ஒல்லிப் புத்தகங்களில் பொருளடக்கத்தை முன்னட்டையின் உள்பக்கத்திலும், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியலைப் பின்னட்டையின் உள்பக்கத்திலும் அச்சடித்திருப்பார்கள். பைண்டர் என் பேச்சைக் கேட்டு, பலத்துக்காக, அதன்மேல் ரோஸ் தாளை மைதா பசை போட்டு ஒட்டிவிட்டார். அது மட்டுமா? ஓரம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று மூன்று பக்கமும் மெஷினில் வைத்து வெட்டியிருக்கிறார். பக்க எண்கள் எல்லாம் கீழ் மூலையில் இருந்தன. எல்லாம் போய்விட்டன. சில படங்களுக்குக் கீழே இருந்த குறிப்பில் பாதி எழுத்து மட்டும் மிச்சம்.

முழுசாக மிஞ்சியது எது என்றால், தங்க எழுத்தில் என் பெயர்.

"நான் இந்த மாசம் பசங்களுக்கு இதைத்தான் சார் சொல்லிக் குடுக்கலாம்னு இருந்தேன்" என்றார் டீச்சர். "தலைப்பு எதுக்கு, பொருளடக்கம் எதுக்கு, படத்துக்குக் கீழ எழுதியிருக்கறது எதுக்கு, கட்டம் போட்டு எழுதறது எதுக்கு, சில வார்த்தையை மட்டும் ஏன் தடிப்பா போடறாங்க. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல, திமிங்கலம் எப்படி மூச்சு விடுதுன்னு அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சுச் சொல்லுங்கன்னு புத்தகத்தைக் குடுத்தேன். எல்லாரும் முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சாங்க. பெல் அடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் திமிங்கலத்து மூக்குக்குப் போய்ச் சேரலை."

"ஏன் அப்படி?"

"கேட்டா உங்க பேரைச் சொல்றாங்க சார். ஒரு வரி விடக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காருங்கறாங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு பேச்சாளன் வாழ்க்கையில், சொன்னதை யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்ப்பானா? இங்கே இருபத்திரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

அவர்களில் ரொம்பவும் தீவிரமாகக் கேட்டவள் மூன்றாவது வரிசையில் இருந்தாள். பெயர் கோபிகா, ஐந்தாம் வகுப்பு. நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்கத் தலை நிமிராமல், வரிக்குக் கீழே விரலை வைத்து நகர்த்திக்கொண்டே இருந்தாள். கையில் நாட்டுக்கோழிப் புத்தகம்.

"நாலு நாளா இதே புத்தகம்தான் சார். வேற குடுத்தா வாங்க மாட்டேங்கறா. என்னன்னு கேட்டாலும் சொல்றதில்லை."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எதுவரைக்கும் வந்திருக்கற கண்ணு?"

"கோழி மொதல்ல எந்தக் காட்டுல இருந்துச்சு, மனுசங்க எப்ப புடிச்சாந்து வளத்தாங்க, அதுதாங்க சார் வந்துகிட்டிருக்குது." அடையாளத்துக்கு ஒரு ஈர்க்குச்சி வைத்திருந்தாள். "அப்புறம் கோழியோட ஒடம்பு வருமாட்டம் இருக்குது. இன்னும் அடை வெக்கறது வரலீங்க."

"உனக்கு அடை வைக்கிறதுதான் வேணுமா?"

தலையை ஆட்டினாள். டீச்சரைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் மட்டும் சொன்னாள். பக்கத்து வரிசை வரைக்கும் கேட்டது.

விஷயம் இதுதான். வீட்டில் செவலை என்று ஒரு கோழி. கோபிகா குஞ்சிலிருந்து வளர்த்தது. போன தடவை பதினோரு முட்டையில் அடை வைத்தார்கள். இருபத்தோரு நாள் எழுந்திருக்காமல் உட்கார்ந்தது. பதினொன்றும் கூமுட்டை, ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. இந்தத் தடவை போன வியாழக்கிழமை ஒன்பது முட்டை வைத்திருக்கிறார்கள். அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: இதுவும் கூமுட்டையாகப் போனால், ஊர்ப் பண்டிகைக்கு மாமா வரும்போது செவலைதான் குழம்பு.

"அது நல்லாத்தாங்க குந்தியிருக்குது. அது மேல தப்பு இருக்காதுங்க" என்றாள். "என்ன பண்ணா குஞ்சு பொரிக்கும்னு இதுல போட்டிருக்கும்னு பாக்கறேன். அதுக்குள்ள இருபத்தோரு நாள் ஆயிடுமோன்னு பயமா இருக்குதுங்க."

"நடுவுல புரட்டிப் பார்த்திருக்கலாமே?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானுங்க சார் வேணாம்னு சொன்னீங்க."

ஒரு கோழியின் உயிர், என்னுடைய மேடைப் பேச்சால் ஊசலாடிக்கொண்டிருந்தது. முப்பது வருடம் தபால் ஆபீஸில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவன் நான். எந்தக் கவரையாவது முதல் வரியிலிருந்து படித்திருக்கிறேனா? கண் நேராகக் கடைசி வரிக்குப் போகும். பின்கோடு. அப்புறம் ஊர். அதற்கப்புறம்தான் மேலே ஏறித் தெரு, கதவு எண். "அன்பும் பண்பும் நிறைந்த உயர்திரு" என்று ஆரம்பித்துப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், தர்மபுரிக் கடிதம் எல்லாம் இன்னும் ரயிலிலேயே இருக்கும். அப்படிப் பிழைத்தவன், பிள்ளைகளிடம் போய் ஒரு வரி விடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

"பாப்பா, சார் சொன்னது தப்பு" என்றேன். வகுப்பே நிமிர்ந்தது. பெரியவர்கள் தப்பு என்று ஒத்துக்கொண்டால், பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. "கதைப் புத்தகத்துக்குத்தான் அது. கதையில கடைசிப் பக்கத்தை முன்னாடியே பார்த்தா ருசி போயிடும். இந்த மாதிரிப் புத்தகத்துல எது வேணுமோ அங்க நேரா போகலாம். போறதுக்கு வழி காட்டத்தான் பொருளடக்கம்."

"அதைத்தான் காணோமே சார்" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

டீச்சர் அதற்குள் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு பழைய துணியும் எடுத்து வந்துவிட்டார். மைதா பசைதானே, ஊறினால் விடும். ஈரத்துணியை ரோஸ் தாளின்மேல் விரித்தோம். பத்து நிமிடம் கழித்து, கோபிகா நகத்தால் மூலையைக் கிளப்பி, மெல்ல மெல்ல உரித்தாள். இருபத்திரண்டு தலைகளும் மேசையைச் சுற்றி. முதலில் ஒரு எண் தெரிந்தது. பிறகு "தீவனம்" என்று ஒரு சொல். பிறகு மொத்தமும் வந்தது — இரண்டு இடத்தில் கிழிந்து, ஈரத்தோடு, பொருளடக்கம்.

"அடை வைத்தல்... முப்பத்தாறு" என்று படித்தாள்.

முப்பத்தாறாம் பக்கம் எது? பக்க எண்களைத்தான் பைண்டரின் மெஷின் சாப்பிட்டுவிட்டதே. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பென்சிலை எடுத்தாள். முதல் தாளில் 1, 2 என்று போட ஆரம்பித்தாள். நாலாம் வகுப்பு முழுக்கச் சேர்ந்து சத்தமாக எண்ணியது. முப்பத்தாறு வந்தபோது, அந்தப் பக்கத்தின் தலையில் தடித்த எழுத்தில் இருந்தது: அடை வைத்தல். அவள் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தில் ஒரு படம். இருட்டில் விளக்குக்கு முன்னால் பிடித்த இரண்டு முட்டைகள். ஒன்று வெறும் வெளிச்சமாக இருந்தது. இன்னொன்றுக்குள் சிலந்தி போல ஒரு புள்ளியும், அதிலிருந்து கிளம்பும் சிவப்பு நூல்களும். அம்புக்குறி போட்டு ஏதோ எழுதியிருந்தார்கள். படத்துக்குக் கீழே இருந்த குறிப்பில் எழுத்துகளின் மேல்பாதி மட்டும் மிச்சம். பிள்ளைகள் விடுவார்களா? பாதி எழுத்தை வைத்து முழு எழுத்தை ஊகித்து, ஆளுக்கு ஒன்று சொல்லி, சண்டை போட்டு, கடைசியில் கண்டுபிடித்தார்கள். "ஏழாம் நாள்: உயிருள்ள முட்டையும் உயிரில்லாத முட்டையும்."

"ஏழாம் நாள் என்னைக்கு?" என்று டீச்சர் கேட்டார்.

கோபிகா விரல் விட்டு எண்ணினாள். "நாளைக்குங்க டீச்சர்."

எதிர்ப்பக்கத்தில் ஒரு கட்டம். நான் இத்தனை வருடமும் புத்தகங்களில் இந்தக் கட்டங்களைப் படித்ததே இல்லை. ஓட்டத்தைக் கெடுக்கிற சமாச்சாரம் என்று தாண்டிப் போவேன். கோபிகா தாண்டவில்லை. கட்டத்தின் தலைப்பு: ஃப்ரிட்ஜில் வைத்த முட்டை பொரிக்குமா? அவள் அதை ஒருமுறை படித்தாள். மறுபடி படித்தாள். புத்தகத்தை மூடி, முப்பத்தாறில் ஈர்க்குச்சியை வைத்தாள்.

"சார், நாளைக்கு எங்க வூட்டுக்கு வர்றீங்களா? போன்ல டார்ச் இருக்குதுதானே?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். கல்யாணப் பத்திரிகை வருகிறது. நாம் யாராவது "நிகழும் மங்களகரமான" என்ற இடத்திலிருந்து படிக்கிறோமா? தேதி, நேரம், மண்டபம். அப்புறம் அழைப்பாளர் பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா, எத்தனையாவதாக. அங்கேதான் பாதிச் சண்டை கிளம்புகிறது. செய்தித்தாளை என் வீட்டில் கடைசிப் பக்கத்திலிருந்துதான் திறப்பார்கள். நீங்களே, இந்தப் பத்திக்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள்? தலைப்பைப் பார்த்து. அல்லது பக்கத்திலிருக்கும் என் போட்டோவைப் பார்த்துவிட்டு, தாண்டிப் போய், திரும்பி வந்து. தேடிப் படிக்கிற வித்தை நம் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடப் பை மாட்டினவுடன் அதை எப்படி மறக்கிறோம், அல்லது என்னைப் போல ஒருவன் மைக்கில் வந்து எப்படி மறக்கடிக்கிறான் என்பதுதான் புரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேராக பைண்டரிடம் போனேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பத்து வருசம் அசையக் கூடாதுன்னு கேட்டீங்க. அசையுதா?" அசையவில்லை. வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு, டீச்சரும் நானும் கோபிகாவோடு அவள் வீட்டுக்குப் போனோம். அம்மா மாதேஸ்வரி அப்போதுதான் வயக்காட்டு வேலை முடித்து வந்து, கை கால் கழுவிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பேர் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் பயந்துவிட்டார்.

"என்னாங்க டீச்சர், எதுனா பண்ணிட்டாளா?"

"ஒண்ணும் இல்லீங்க. முட்டை பார்க்க வந்தோம்."

"முட்டை பாக்கவா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். வேட்டி சட்டையில் ஒரு ஆள் தர்மபுரியிலிருந்து முட்டை பார்க்க வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது.

முன்னறையில் புது ஃப்ரிட்ஜ். மேலே பூ வேலைப்பாடு செய்த துணி, அதன்மேல் பிளாஸ்டிக் ரோஜா. மூலையில் கூடை. மணல், அதன்மேல் வைக்கோல், ஓரத்தில் இடி இடித்தால் முட்டைக்கு ஆகாது என்று வைத்த கரித்துண்டு, இரும்பு ஆணி, வற்றல் மிளகாய். நடுவில் செவலை. செம்மண் நிறம், ஒரு கண்ணால் எங்களை முறைத்துக்கொண்டிருந்தது.

ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் அது தீனிக்கு எழுந்திருக்குமாம். நாங்கள் காத்திருந்தோம். காபி வந்தது. ஒரு வழியாகச் செவலை அம்மணி எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, எங்களைச் சட்டை செய்யாமல் வாசலுக்கு நடந்தது. உடனே கதவைச் சாத்தி, ஜன்னலுக்குப் போர்வை போட்டு அறையை இருட்டாக்கினோம். நான் போன் டார்ச்சைப் போட்டு மேல்நோக்கிப் பிடித்தேன். கோபிகா முட்டையை எடுத்து அதன்மேல் வைத்தாள். டீச்சர் புத்தகத்தைப் படம் இருந்த பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டார்.

முதல் முட்டை. வெறும் வெளிச்சம்.

இரண்டாவது. அதுவும் வெளிச்சம். கோபிகா அதையும் தனியே வைத்தாள். பெரிய மனிதனாகப் புத்தகத்தைக் கொடுத்து, வீடு தேடி வந்து, கடைசியில் ஒரு குழந்தை முன்னால் கோழிக்குத் தண்டனை உறுதி செய்யப் போகிறோமோ?

மூன்றாவது முட்டை. உள்ளே ஒரு புள்ளி. அதைச் சுற்றி, படத்தில் போட்டிருந்தது போலவே, சிவப்பு நூல்கள்.

"இருக்குது" என்றாள் கோபிகா. சத்தம் போடவில்லை. முட்டை பயந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

ஒன்பதும் பார்த்து முடித்தபோது, நூல் ஓடியது நாலு. வெறும் வெளிச்சம் ஐந்து. கதவைத் திறந்தோம். தனியே எடுத்து வைத்த அந்த ஐந்து முட்டைகளையும் மாதேஸ்வரி குனிந்து பார்த்தார்.

"அம்மா, இதுல எத்தினி ஃப்ரிட்ஜ்ல இருந்தது?" என்று கேட்டாள் மகள்.

"அஞ்சு" என்றார் அம்மா. "நாலு கடைசி நாலு நாள்ல போட்டது, வெளியவே இருந்துச்சு, அப்பிடியே எடுத்து வெச்சேன்."

"போன வாட்டி பதினொண்ணும்?"

"அதெல்லாம் ஃப்ரிட்ஜ்ல சேத்து வெச்சதுதான் பாப்பா. கெடாம இருக்கட்டும்னு வெச்சேன்." என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சார், கதவுலயே முட்டைக்குன்னு குழி குழியா குடுத்திருக்கறாங்க. வெக்காம என்ன பண்றது?"

நியாயம்தான். குழியைக் கொடுத்தவன் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம். கோபிகா புத்தகத்தில் அந்தக் கட்டத்தை எடுத்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். ரொம்பக் குளிரில் இருந்த முட்டைக்குள் கரு வளர்வது கஷ்டம், அடைக்கு வைக்கும் முட்டையை ஃப்ரிட்ஜுக்கு வெளியே, நிழலான அறையில்தான் வைக்க வேண்டும் என்று நாலு வரி. மாதேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மறைக்கவா, வேறு எதையாவது மறைக்கவா என்று தெரியவில்லை.

"பாவம், இதைப் போயி தெனமும் திட்டிகிட்டே இருந்தேனே" என்றார். உள்ளே போய் ஒரு கை கம்பு எடுத்து வந்து வாசலில் வீசினார். செவலை அதைக் கொத்தித் தின்றுவிட்டு, நிதானமாக வந்து, நாலு முட்டையின்மேல் உட்கார்ந்தது. எண்ணிக்கை குறைந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த இரண்டு வாரமும் எனக்கு நிம்மதி இல்லை. நாலும் பொரிக்க வேண்டுமே? நடுவில் ஒருநாள் நல்ல இடி. கரித்துண்டு இருக்கிறதா என்று போன் செய்து கேட்டேன். டீச்சர் சிரித்தார். அறிவியல் புத்தகம் அன்பளிப்பாகக் கொடுத்த ஆள் கேட்கிற கேள்வியா இது?

இருபத்தோராம் நாள் மூன்று குஞ்சு. நாலாவது ஒருநாள் தாமதமாக, எல்லோரையும் அழவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. மாதேஸ்வரி தானே போன் செய்தார். "சார், நாலும் பொரிச்சிருச்சு. பண்டிகைக்கு அவங்க மாமனுக்குச் சிக்கன் கடையில வாங்கிக்கறோம்." அந்த வார்த்தையை மட்டும் நான் மறக்கவே மாட்டேன். போனை வைத்துவிட்டு, வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். எதிர் வீட்டுக்கும் சொன்னேன்.

திங்கட்கிழமை காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோபிகா என்னை வீட்டுக்கு அழைத்துப் போனாள்; முதலில் கண்ணில் பட்டது குஞ்சுகள் இல்லை, ஃப்ரிட்ஜ். கதவைத் திறந்து காட்டினாள். முட்டைக் குழிக்கு மேலே நோட்டுத் தாளில் ஒரு தலைப்பு, ஸ்கெட்ச் பேனாவில் தடித்த எழுத்தில்: "சாப்பிடும் முட்டை." கீழே ஒரு கட்டம் போட்டு: "அடை வைக்கும் முட்டையை இங்கே வைக்காதீர்கள். காரணம் – பக்கம் 37." புத்தகம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, பக்க எண் மட்டும் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. போகட்டும், தெரிந்துகொள்ள வேண்டியவருக்குத் தெரிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் மீதி இருபத்தொன்பது புத்தகங்களையும் பிள்ளைகள் ஊற வைத்து உரித்துவிட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் பென்சிலால் பக்க எண். வெட்டுப்பட்ட படக்குறிப்புகளுக்குப் பக்கத்தில் அவர்களே எழுதிய குறிப்புகள். ஒன்றிரண்டு தப்பு. டீச்சர் திருத்தாமல் விட்டு வைத்திருக்கிறார், அடுத்த வகுப்புப் பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும் என்று. கடைசி பீரியடில், வானவில் ஏன் வளைந்திருக்கிறது என்று கேட்டார். ஒரு பையன் பின்னட்டையைத் திறந்து, பட்டியலில் "வ" எழுத்துக்கு விரலை ஓட்டி, இரண்டு நிமிடத்தில் பதில் சொன்னான். எனக்கே அன்றைக்குத்தான் அது தெரிந்தது.

காலிகோவும் தங்க எழுத்தும் அப்படியே இருக்கின்றன. பத்து வருடம் தாங்கும். ஆனால் அந்த முப்பது புத்தகங்களும் இப்போது என்னுடையவை இல்லை. உள்ளே திறந்தால் முழுக்க அவர்கள் கையெழுத்து.

கிளம்பும்போது வகுப்பறைச் சுவரில் மூன்று போட்டோக்கள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். முட்டை பார்த்த நாளில் டீச்சர் எடுத்ததும், குஞ்சு பொரித்த பிறகு எடுத்ததும். ஒவ்வொன்றுக்கும் கீழே கோபிகா அழகாகக் குறிப்பு எழுதியிருந்தாள். படம் 1: செவலை, நாலு குஞ்சுகளுடன். படம் 2: உயிருள்ள முட்டை, ஏழாம் நாள். மூன்றாவது படத்தில் நான் இருந்தேன், பாதி இருட்டில், கையை நீட்டிக்கொண்டு. தங்க எழுத்தில் முப்பது இடத்தில் என் பெயரைப் போட்டுக் கொடுத்திருக்கிறேனே, அதில் ஒன்றைப் பார்த்தாவது எழுதியிருப்பாள் என்று குனிந்து படித்தேன்.

படம் 3: டார்ச் பிடித்தவர்.

இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாக எழுதியதில்லை.